ரோசா ஹைஃபாவுக்குப் புறப்பட்ட நாள்

1996ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், ஒரு புதன்கிழமை. காலை ஒன்பது மணிக்கு ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில், ஜேம்சன் அவெனியூவில் இருக்கும் எங்கள் கட்டடத்தை விட்டு வெளிக்கிட்டேன். கையில் ஒரு பெட்டி. அதற்குள் ஆறு கோப்பையும் ஆறு தட்டும். நான் போனது ரோசாவின் வீட்டுக்கு. அங்கிருந்து அவளை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் ஏற்றிவிட வேண்டும்.

ரோசா போலந்தில் பிறந்த யூதப் பெண். வயது எழுபத்திரண்டு. என்னிலும் மூன்று வயது மூப்பு. ஸ்பதைனாத் தெருவில் ஒரு தையல் பட்டறையில் நாலு வருடம் எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்தவள். அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. ஒரே தங்கை ஹன்கா, இஸ்ரவேலில் ஹைஃபா என்ற துறைமுகப் பட்டினத்தில் இருக்கிறாள். இருவரும் 1947இல் பிரிந்தவர்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. போன மாதம் தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்து "வா" என்றிருக்கிறாள். ரோசா ரிக்கற் எடுத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "நீ வந்து நிண்டால்தான் ஏறுவன். இல்லாட்டி வாசலில இருந்து திரும்பி வந்திடுவன்."

எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் விளங்கும். அவள் சொன்னதை என் பேச்சில்தான் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். வேறொருவரைக் கொண்டு எழுதுவிக்க எனக்கு விருப்பமில்லை.

கிங் தெருவில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீற் காரில் டண்டாஸ் வெஸ்ற் வரை. அங்கிருந்து நிலக்கீழ் ரயிலில் ஐந்து தரிப்பு தாண்டிப் பாதர்ஸ்ற். பிறகு ஏழாம் இலக்க பஸ்ஸில் வடக்கே. எல்லாவற்றுக்கும் ஒரே ரிக்கற் காணும். சென் கிளேயர் தாண்டினால் வீடுகள் பெரிசாகும். எக்ளின்ரன் தாண்டினால் கடைப் பெயர்களில் எனக்கு விளங்காத எழுத்து வரும். கறுப்புத் தொப்பி போட்ட ஆண்கள் வேகமாக நடப்பார்கள். வில்சன் சந்திக்குக் கிட்ட இறங்கும்போது பத்தரை. முழங்கால் நொந்தது.

ரோசா கோட்டுப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். சூட்கேஸ் ஒன்றுதான். நான் பெட்டியை அவள் மடியில் வைத்தேன்.

"உதென்ன?"

"உன்ர தங்கச்சிக்கு. கூடப்பிறந்தவள் வீட்டுக்கு வெறுங்கையோட போறதே?"

மிசிசாகாவில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்குக் கொடுக்கவென்று வாங்கி வைத்த செட் அது. நீலப் பூப் போட்டது, தங்கக் கரை. திறந்து ஒன்றை அவிழ்த்துப் பார்த்தவள் முகம் வெளுத்துப் போனது.

"உனக்கு ஆர் சொன்னது?"

"என்னத்தை?"

"கோப்பையை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பெட்டியை மூடி மடியிலேயே வைத்துக்கொண்டாள். ரக்சி வரும் வரை அப்படியே இருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ரக்சி வந்தது. ஓட்டி வந்தவர் எங்கள் ஆள், யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கம். நாற்பது வயது இருக்கும். 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"அன்ரி, இவ இஸ்ரவேலுக்கோ போறா?"

"ஓம்."

"உந்த யூதரைப் பார்த்துத்தான் நாங்கள் படிக்கோணும், அன்ரி. ரெண்டாயிரம் வருசம் அலைஞ்சு கடைசியில ஒரு நாடு எடுத்திட்டினம். எல்லாம் ஒற்றுமை. எங்களிட்ட அது இல்லை."

என்ன சொல்கிறார் என்று ரோசா கேட்டாள். சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி லொறிகளைப் பார்த்தபடி சொன்னாள்.

"எங்கட வீட்டில ஒன்பது பேர். ஏழு பேரைக் குடுத்துத்தான் அது வாங்கினது எண்டு சொல்லு."

நான் சொன்னேன். ஓட்டியவர் ரேடியோவை நிறுத்தினார்.

அதன் பிறகு அவள் தானாகவே சொன்னாள். இரண்டாம் உலகச் சண்டைக்கு முதல் பலஸ்தீனத்துக்குப் போவோம் என்று யாரும் சொன்னால் அவளுடைய தகப்பன் சிரிப்பாராம். அதற்கு முந்தின பெரிய சண்டையின்போது பிரித்தானிய வெள்ளைக்காரன் யூதருக்கு அங்கே ஒரு இடம் தருவதாக எழுதிக் கொடுத்தது வாஸ்தவம். தகப்பனுக்கு அது வெறும் கடதாசி. அவருக்குத் தன் தோல் கடை போதும். பிறகு ஹிட்லர் வந்தான். சண்டை முடிந்து அக்காளும் தங்கையும் தங்கள் ஊருக்குத் திரும்பிப் போனபோது அவர்களின் வீட்டில் வேறு ஆட்கள். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "நீங்கள் இன்னும் இருக்கிறியளோ?" என்று கேட்டார்களாம்.

அங்கே இருக்கப் பயந்து ஜெர்மனியில் ஒரு முகாமுக்குப் போனார்கள். இரண்டு வருடம் சூப்புக்கு வரிசையில் நின்றார்கள். எந்த நாட்டுக்கு எழுதினாலும் இடமில்லை என்று பதில் வந்தது. இந்தக் கனடாவும் அப்போது அப்படித்தான்.

"ஆசையால கட்டின நாடு எண்டு சொல்லுவினம்," என்றாள் ரோசா. "ஆசையும் இருந்ததுதான். ஆனால் அரைவாசி களைப்பு. சண்டை முடிஞ்ச பிறகும் எங்களை ஒருதரும் எடுக்கேல்ல. எடுத்திருந்தால் அரைவாசிப் பேர் அங்க போயிருக்க மாட்டினம்."

தங்கை ஹன்கா ஒரு பழைய கப்பலில் ஏறிவிட்டாள். கரை தெரியும்போது வெள்ளைக்காரன் மறித்துச் சைப்பிரசுக்குக் கொண்டுபோய்க் கம்பி வேலிக்குள் விட்டான். ஆனால் அவனும் சண்டையில் வெறுங்கையாகிப் போயிருந்தான். தன்னால் ஏலாது என்று பலஸ்தீனத்தை ஐ.நா. சபையிடம் கொடுத்தான். சபை அந்த நிலத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்னது. 1948 மே மாதம் நாடு அறிவித்தார்கள். அடுத்த நாளே பக்கத்து நாடுகளும் சண்டைக்கு வந்தன. அதற்கு முதலே அங்கிருந்த அராபியர்கள் ஊர் ஊராக வெளிக்கிடத் தொடங்கிவிட்டார்களாம். அந்த வருடம் கனடா தையல்காரரை எடுக்கத் தொடங்க, ரோசாவும் தையல்காரியாக வந்தாள். அடுத்த வருடம் வேலிக்குள்ளிருந்து வெளியே விட்ட தங்கைக்கு ஹைஃபாவில் ஒரு வீடு கொடுத்தார்கள்.

"காயிதம் போட்டாள். அக்கா, எனக்கு வீடு கிடைச்சிட்டுது, அடுப்பு இருக்கு, கட்டில் இருக்கு, கழுவாத கோப்பை ஆறு இருக்கு, அடியில கோப்பி காய்ஞ்சு போய்க் கிடக்கு எண்டு. நான் ஒரு கேள்விதான் எழுதினனான். அது ஆருடைய வீடு எண்டு."

"பிறகு?"

"பதில் இல்லை. நாப்பத்தேழு வருசம். போன மாசம்தான் போனில சொன்னவள், வா, நேரில சொல்லுறன் எண்டு."

"அவையள் எங்க போனவை, அந்த வீட்டுக்காரர்?" ஓட்டியவர் ஆங்கிலத்திலேயே கேட்டார்.

"லெபனானுக்கு எண்டு சொல்லுவினம். அவையும் திரும்பி வரலாம் எண்டுதான் கோப்பையைக் கழுவாமல் போயிருப்பினம்."

வில்சனிலிருந்து விமான நிலையம் பதினெட்டு கிலோமீற்றர். முப்பத்திரண்டு டொலர். ஓட்டியவர் இறங்கிச் சூட்கேசைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, "வாறன் அன்ரி," என்று மட்டும் சொன்னார். ஒற்றுமையைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை.

ஒரு மணிக்கு வரிசையில் நின்றோம். இஸ்ரவேலுக்குப் போகிறவர்களைத் தனியாக நிறுத்திக் கேள்வி கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. சின்னப் பெடியன் ஒருவன், சூட் போட்டவன், தாளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டான்.

"உங்கட சாமானை நீங்களே கட்டினதோ? கொண்டு போகச் சொல்லி ஆரும் ஏதும் தந்தவையோ?"

"ஓம். இவ தந்தவ," என்று ரோசா என்னைக் காட்டினாள்.

எங்கள் ஆட்கள் ஊருக்கு யார் போனாலும் ஒரு பார்சல் கொடுத்துவிடுவோம். மிளகாய்த் தூளோ சட்டைத் துணியோ, கொடுக்காமல் விடுவது மரியாதை இல்லை. அது இந்த இடத்தில் எவ்வளவு பெரிய பிழை என்று அந்தப் பெடியனின் முகத்தைப் பார்த்துத்தான் விளங்கியது. எங்களை ஒரு மேசைக்குக் கூட்டிப் போனான்.

"நீங்கள் எந்த நாடு?"

"சிறீலங்கா."

"அங்க சண்டை நடக்குதல்லோ?"

"நடக்குது. கோப்பை அங்கயிருந்து வரேல்ல. இங்க டண்டாஸ் தெருவில வாங்கினது."

கோப்பைகளை நான் தமிழ்ப் பேப்பரில் சுற்றியிருந்தேன். கையுறை போட்டு ஒவ்வொன்றாக அவிழ்த்தான். பேப்பர் முழுக்க முகங்கள்.

"இவையெல்லாம் ஆர்?"

"செத்தவை. மரண அறிவித்தல்."

"இவ்வளவு பேரும் என்னெண்டு செத்தவை?"

"சில பேர் வயசு போய். மற்றவையைப் பற்றிப் போடேல்ல."

பேப்பரை மடித்து ஒரு பக்கமாக வைத்துவிட்டுக் கோப்பைகளை இயந்திரத்துக்குள் விட எடுத்துப் போனான்.

ரோசா என் கையைப் பிடித்தாள். "பார், விடமாட்டினம். வா, வீட்டை போவம்." சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு ஆறுதல். காலையிலிருந்து நான் காணாதது. எனக்குக் கோபம் வந்தது.

"கோப்பை வேண்டாமெண்டால் நான் திருப்பிக் கொண்டு போறன். நீ என்னைச் சாட்டி நிக்காதை."

பெடியன் திரும்பி வந்து கோப்பைகளை மேசையில் வைத்தான். கொண்டு போகலாமாம். பிறகு தாளைப் பார்த்தான்.

"அங்க ஆரிட்டப் போறியள்?"

"தங்கச்சியிட்ட."

"கடைசியா எப்ப கண்டனீங்கள்?"

"நாப்பத்தேழில."

பெடியன் தலையை நிமிர்த்தினான். "ஏன் இவ்வளவு நாளும் போகேல்ல?"

"நான் ஒரு கேள்வி கேட்டனான். அவள் பதில் சொல்லேல்ல."

அவன் என்ன கேள்வி என்று கேட்கவில்லை. தாளில் அடுத்ததைப் படித்தான். "உங்களைக் கூட்டிப்போக ஆர் வருவினம்?"

"அவள்தான் வருவாள். சில்லுக் கதிரையில வைச்சு மகள் தள்ளிக்கொண்டு."

"விமானம் பிந்தினால் அவவுக்குக் கஷ்டமெல்லே?"

"அவள் எப்பவும் முந்தி வந்து நிண்டுகொண்டுதான் இருப்பாள். முகாமில சூப்புக்கும் அப்பிடித்தான். எனக்கும் சேர்த்துப் பிடிச்சுக்கொண்டு நிப்பாள், நான் பிந்தி வருவன்."

அதைச் சொல்லிவிட்டு அவள் தான் சொன்னதைத் தானே கேட்டவள் போல நின்றாள். பிறகு கோப்பைகளைத் தன் கையாலேயே சுற்றிப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். பெடியன் சூட்கேசில் ஒரு துண்டு ஒட்டினான்.

கண்ணாடிக் கதவு வரை போனேன். கட்டிப்பிடிப்பது எங்கள் வழக்கமில்லை. அன்று அவள் கட்டிப்பிடிக்க விட்டேன். "போயிட்டு வா," என்றேன். அவள் தடியை ஊன்றிக்கொண்டு திரும்பிப் பாராமல் போனாள்.

மூன்று மணிக்கு 58ஆம் இலக்க மோல்ற்றன் பஸ்ஸில் திரும்பினேன். லோறன்ஸ் வெஸ்ற் வரை ஒரு மணி நேரம். விமான நிலையத்து வேலையாட்கள் நிறைந்து, அரைவாசிப் பேர் நித்திரை.

யாழ்ப்பாணத்தில், இணுவிலில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. 1989இல் பூட்டிவிட்டு வந்தேன். போன வருடம் சண்டையில் ஊரே வெளிக்கிட்டபோது வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் போய்விட்டார்கள். இப்போது உள்ளே யார் என்று தெரியாது. யாராயிருந்தாலும் அவர்களை நான் மனதுக்குள் திட்டாத நாளில்லை. அன்று பஸ்ஸில் மற்றப் பக்கத்தையும் யோசித்துப் பார்த்தேன். ஊரை விட்டு வந்து, கொழும்பிலும் பாங்கொக்கிலுமாக ஒன்றரை வருடம் பாயில் கிடந்தபோது, யாராவது ஒரு வீட்டுத் திறப்பைத் தந்து, "உள்ளே ஒருத்தரும் இல்லை, போய் இரு" என்று சொல்லியிருந்தால், நான் வீடு யாருடையது என்று கேட்டிருப்பேனா? கேட்டிருக்க மாட்டேன். முதலில் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருப்பேன். எழும்பின பிறகாவது கேட்டிருப்பேனா என்பதுதான் தெரியவில்லை.

ரோசா கேட்டது சரியான கேள்விதான். ஆனால் அவள் அதை ரொறன்ரோவில் இருந்து கேட்டாள். தங்கை என்ன பதில் சொன்னாலும் இந்த முறை அவள் கடைசி வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், இடையில் எழும்பி வந்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.