கூரை பறந்த பிறகு

ஊரே மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் மழையைத் தடுத்துக்கொண்டிருந்தாள். மண் ஆய்வுக்கூடத்தில் வேலை. புல்வெளியில் பாதிக்குமேல் பிளாஸ்டிக் கூரை போட்டு, அந்த மண்ணை வேண்டுமென்றே காயவிட்டிருந்தாள். வறட்சியில் மண்ணுக்குள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் என்ன ஆகின்றன என்று பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் அவளுக்குக் ‘கூரைக்காரி’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

பஸ் ஓட்டும் கணவருக்கு வேறு குறை. “என் பனியனெல்லாம் ஒண்ணொண்ணா காணாமப் போகுதே, அதையும் மண்ணு தின்னுடுதா?”

“தின்னுதான்னு பாக்கத்தாங்க புதைக்கிறேன்,” என்றாள். பருத்தித் துணி மக்கினால் மண் உயிரோடு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கொளுத்தும் கோடையில் ஒரு மதியம், சொல்லாமல் கொள்ளாமல் சூறைக்காற்று வந்தது. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கூரை வேலியில் கிடந்தது. பொத்திப் பொத்திக் காயவைத்த மண்ணில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“இந்த வருஷத்த விட்டுடும்மா. அடுத்த வருஷம் புதுசா ஆரம்பிக்கலாம்,” என்றார் மேலதிகாரியம்மா, ஆறுதலாகத்தான்.

நிஜ வறட்சியும் இப்படித் திடீரென்றுதானே முடிகிறது என்று அவளுக்குத் தோன்றியது. “கூரைதானே மேடம் போச்சு? மண்ணு இங்கதான் இருக்கு. நனைஞ்சதும் அது என்ன பண்ணுதுன்னு பாத்துடறேன்.”

சேற்றில் மண்டியிட்டு, மண்ணின் மூச்சை, அதாவது நுண்ணுயிர்கள் விடும் கரியமில வாயுவை, அளக்கும் பெட்டிகளைப் பதித்தாள். வேலை முடிந்து வந்த கணவர் குடை பிடித்தார். காற்றில் குடை மல்லாந்தும், கம்பியை மட்டும் விடாமல் பிடித்திருந்தார்.

காய்ந்த மண் முதல் நனைப்பில் பெருமூச்சாக விட்டது. பிழைத்த உயிர்கள் செத்தவற்றைத் தின்ற மூச்சு அது. சில நாளில் அடங்கிப்போனது. பிறகு தோண்டிப் பார்த்தாள். கூரை போடாத பக்கம் பனியனில் தையல் நூல்தான் மிச்சம். காய்ந்த பக்கத்துப் பனியனைத் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. உதிர்ந்த இலையை மக்கவைத்துச் சத்தாக்க ஆளில்லாமல் அங்கே புல்லும் வெளுத்துக் கிடந்தது.

“மழை வந்தும் தேறலயே. எப்பம்மா தேறும்?” என்றார் மேலதிகாரியம்மா.

“தெரியல மேடம். தெரியறவரைக்கும் அங்க கூரை போடறதா இல்ல.”

நடுவில் அவளுக்கு நகரத்து அலுவலகத்துக்குப் பதவி உயர்வு வந்தது. “இந்த மண்ணு எந்திரிக்கட்டும்,” என்று தள்ளிப்போட்டாள். அடுத்தடுத்து மழைக்காலங்கள் போயின. ஒரு காலையில் அந்தப் பக்கத்துப் புல்லும் மற்றதைப்போலவே பச்சையாக நின்றது. அவள் அங்கேயே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு, அடுத்த கூரைக்கு இடம் அளக்கப் போனாள்.