ஒரு சாண் நாலு விரல் உயரத்தில் விஸ்கி

மலாய்த் துறைமுக ஊரில், டத்தோ கிராமாட் பேட்டையில், ஒரு கிராணி, கம்பெனிக் குமாஸ்தா, இருக்கிறாராம். சாயங்காலம் ஆறு மணி அடித்தால் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறப்பாராம். இரண்டு முழ உயரத்திலிருந்து விஸ்கி இழை இழையாக இறங்குமாம். உதட்டில் கிளாஸ் படாதாம், மீசையில் சொட்டு படாதாம், முடிகிற வரையில் மூச்சும் விட மாட்டாராம். கிளாஸைத் தூக்கிப் பிடித்திருப்பது மனிதக் கை இல்லையாம். சூலியா தெருவில் கேட்டால் ஜின் என்றார்கள். டத்தோ கிராமாட்டில் கேட்டால் முனி என்றார்கள். ஜெலுத்தோங்கில் இரண்டும் சேர்ந்து பிடிக்கிறதாகக் கேள்வி.

விசாரிக்கப் புறப்பட்டால் எல்லா வழியும் ஒரே ஆளிடம் போய் முடிந்தது. துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் இரண்டாம் கிராணியாக இருக்கும் நூர் முகம்மது. ஐந்து வேளை தொழுகிறவர், விஸ்கியை மோந்துகூடப் பார்த்ததில்லை. இந்த விஷயத்தில் இவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. குடித்தவன் சொல்லும் சாட்சி எந்தக் கோர்ட்டில் எடுபடும்?

தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம், நூர் முகம்மது வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம். கிட்டங்கிச் சாவியைக் கொடுக்க நிறுவைக் கிராணி பிச்சைமுத்துவின் வீட்டுக்குப் போனார். பகலெல்லாம் கொப்பரையும் பாக்கும் நிறுத்துவிட்டு வந்த மனிதர், வாசலில் நாற்காலி போட்டுத் தலையைப் பின்னுக்குச் சாய்த்திருந்தார். உயர்த்திய கையில் பித்தளை டம்ளர். அதிலிருந்து வாய்க்கு ஒரு இழை, தட்டான் கம்பி இழுத்துக் கட்டியதுபோல. ஆடவில்லை, அறவில்லை. தொண்டை மட்டும் லேசாக அசைந்தது. நூர் முகம்மது தனக்கே தெரியாமல் சாவியைக் கீழே போட்டுவிட்டார்.

"என்னா தம்பி, வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறே? இதுக்கு நான்தானே பொளக்கணும்" என்றார் பிச்சைமுத்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு.

கிராணி என்றால் சட்டைப்பையில் அடிக்கோல் இருக்கும். மறுநாள் அனுமதி கேட்டு நூர் முகம்மது அளந்தே பார்த்தார்.

"பன்னெண்டு அங்குலம்ணே."

"ஒரு சாண் நாலு விரல்னு சொல்லு. அங்குலமெல்லாம் கம்பெனிக்கு."

ஆக, இரண்டு முழம் பொய். ஜின்னும் முனியும் பொய். மற்றதெல்லாம் மெய்.

இப்படி அண்ணாந்து குடிப்பது சாதி ஆசாரம் என்று ஊரில் ஒரு கட்சி உண்டு. அதுவும் சரியில்லை. அந்த மனிதர் யார் வீட்டிலும் சாப்பிடுவார், யார் இலையிலிருந்தும் ஒரு வடையை எடுத்துக்கொள்வார். காரணம் வேறு. யுத்தம் முடிகிற சமயத்தில் ஒரு காய்ச்சல் வந்து உலகத்தையே வாரிக்கொண்டு போனதே, அந்தப் பதினெட்டாம் வருஷம், கிட்டங்கி வாசலில் நாற்பது பேருக்கு ஒரு தண்ணீர்ப் பீப்பாய், ஒரு தகரக் குவளை. குவளையில் வாய் வைத்துக் குடித்தவர்களில் பதினொரு பேர் அந்த மாதமே போய்ச் சேர்ந்தார்கள். குவளை நாறுகிறது என்று அண்ணாந்து குடித்த பிச்சைமுத்து காய்ச்சலில் படுத்து எழுந்துவிட்டார். உடம்பு தேற தினம் ஒரு அவுன்ஸ் விஸ்கி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். உடம்பு தேறிப் பல வருஷமாகிறது, டாக்டர் நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டார். அன்று முதல் பிச்சைமுத்துவின் உதடு எந்த விளிம்பையும் தொட்டதில்லை, சொந்தப் பாத்திரத்தின் விளிம்பைக்கூட.

பித்தளை டம்ளருக்குத்தான் ஆயுசு முடிந்தது. உள்ளே பூசிய ஈயம் போய்விட்டது, விஸ்கியில் களிம்பு வாடை. அவர் மனைவி குணவதிக்கு அதைவிடப் பெரிய குறை.

"காலையில அதே டம்ளர்ல எனக்கு மோர் ஊத்துறீங்க. தெருப் பைப்புல வரிசையில நிக்கிறப்ப வாடையப் புடிச்சுக்கிட்டு, என்னாக்கா காலையிலேயேவான்னு கேக்குறாளுங்க. தனியா ஒரு கிளாஸு வாங்கித் தொலைங்க."

நூர் முகம்மதுவின் மாமா சீனி முகம்மது சூலியா தெருவில் கண்ணாடிச் சாமான் கடை வைத்திருந்தார். மருமகன் சிபாரிசு, வெள்ளிக்கிழமை பிற்பகல், கடையில் வாங்க வந்த ஆள் இல்லை. பிச்சைமுத்து ஒரு பானைக் கறுப்புத் தேநீரை ஆறவைத்துக் கொண்டுவந்திருந்தார். தண்ணீர் என்றால் இழை தெரியாதாம். முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கிளாஸாக ஊற்றி அண்ணாந்தார்.

தடித்த விளிம்புக் கிளாஸில் தேநீர் வாய்க்கு வராமல் கிளாஸின் முதுகைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டு வழியாக முழங்கைக்குப் போனது. பூ வெட்டிய பெல்ஜியம் கிளாஸில் இழை மூன்றாகப் பிரிந்தது. ஒன்று வாய்க்கு, ஒன்று மூக்குக்கு, ஒன்று சீனி முகம்மதுவின் கணக்குப்பிள்ளைக்கு. காம்பு வைத்த கிளாஸ் விரலுக்குள் திரும்பிக்கொண்டது. துரைமார் விஸ்கியில் சோடா கலந்து ஸ்தெங்கா என்று குடிக்கிற நெட்டைக் கிளாஸ், வருகிறேன் வருகிறேன் என்று மிரட்டிவிட்டு மொத்தமாக வந்து விழுந்தது.

"உதட்டுல வச்சுக் குடிக்கிறதுக்குச் செஞ்சு அனுப்பியிருக்கான் மாமா. நம்ம ஆளுக்குச் செய்யலே" என்றார் நூர் முகம்மது.

"வெள்ளைக்காரன் என் வாயக் கேட்டுக்கிட்டா கிளாஸு ஊதுவான்?" என்றார் பிச்சைமுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு. பதினேழு கிளாஸ் ஆகியிருந்தது. பதினேழு கிளாஸ் தேநீரும் உள்ளேயோ மேலேயோ போயிருந்தது.

அப்போது சீனி முகம்மது நோட்டு எண்ண உட்கார்ந்தார். விரலை நனைக்கும் ஸ்பாஞ்சு காய்ந்திருந்தது. மேஜையோரம் இருந்த ஒரு கிளாஸை எடுத்து அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டார். தண்ணீர் நூலாக இறங்கியது.

பிச்சைமுத்து எழுந்தேவிட்டார். "அது என்னா கிளாஸு?"

"இதுவா? ஜப்பான் பெட்டியில வந்த கழிசல். சூட்டுல ஒரு பக்கம் விளிம்பு வெளியே சாஞ்சுபோச்சு. யாரு வாங்குவா?"

கைக்கு வந்தது. உள்ளங்கைக்கு அடங்கிய உருளை, மெல்லிய சுவர், ஒரு பக்கம் மட்டும் விளிம்பு கீழுதடு பிதுக்கியதுபோல. மீதித் தேநீரை ஊற்றி உயர்த்தினார். ஒரே இழை. கையை ஏற்றினார், இழை நீண்டது. இறக்கினார், குறுகியது. கடைசியில் விளிம்பைத் திருப்பி நிமிர்த்தியபோது இழை கத்தரித்தாற்போல் நின்றது. கிளாஸின் முதுகு உலர்ந்தே இருந்தது. கணக்குப்பிள்ளை பேனாவைக் காதில் செருகப் போய்க் கன்னத்தில் குத்திக்கொண்டார்.

"எவ்வளவு பாய்?"

சீனி முகம்மதுவுக்கு இப்போதுதான் கேட்கத் தோன்றியது. "எதுக்கு இது உமக்கு?"

பிச்சைமுத்து மறைக்கவில்லை. "விஸ்கிக்கு."

"அப்ப என்னால விக்க முடியாது. தண்ணி குடிக்கன்னு ஒரு வார்த்தை சொல்லும், தாரேன்."

"தண்ணியும் கலப்பேன் பாய். ரெண்டு பங்கு."

மாமா மருமகனைப் பார்த்தார். மருமகன் கூரையைப் பார்த்தார். பிச்சைமுத்து அலமாரியிலிருந்து விலையுயர்ந்த பெல்ஜியம் கிளாஸ் ஒன்றை எடுத்து, காசைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து, ஸ்பாஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கோணல் கிளாஸை எடுத்துக்கொண்டார்.

"நான் எதையும் விக்கலே" என்றார் சீனி முகம்மது. "எனக்கு ஒருத்தர் நல்ல கிளாஸு வாங்கித் தந்தாரு. அல்லா அவருக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்."

அதிலிருந்து இரண்டு வருஷம், தினம் ஆறு மணிக்கு ஒரு பங்கு விஸ்கி, இரண்டு பங்கு தண்ணீர். சோடா கிடையாது, சோடா விட்டால் இழை துப்பும். வழியோடு போகிறவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் ஜெலுத்தோங் வரைக்கும் செய்தி கொண்டுபோனார்கள்.

இருபத்தெட்டில் கம்பெனியின் பெரிய துரை சீமைக்குத் திரும்புவதாக ஏற்பாடு. போகும்போது அடுத்த பெரிய கிராணி யார் என்று சொல்லிவிட்டுப் போவார். பெரிய கிராணிக்குக் கம்பெனி வீடு, வீட்டுக்குள்ளேயே தண்ணீர்ப் பைப்பு. வரிசைப்படி முறை பிச்சைமுத்துவுடையது. பன்னிரண்டு வருஷமாகக் குடத்தோடு தெருவில் நின்ற குணவதிக்கு அந்தப் பைப்பு கனவிலேயே ஒழுக ஆரம்பித்துவிட்டது.

நடுவில் வந்தது ஒரு வெள்ளிக் கிண்ணம். துரை ஸ்காட்லாந்துக்காரர். பிரியாவிடை என்றால் இரண்டு காது வைத்த ஒரு கிண்ணத்தில் விஸ்கி ஊற்றி முதலில் அவர் குடிப்பார். பிறகு அதே கிண்ணம் வாய்க்கு வாய் எல்லாரிடமும் போகும், நடுவில் கீழே வைக்கக் கூடாது. அவர்கள் நாட்டில் அது சகோதர பாவம். துரைக்குப் பெரிய மீசை வேறு. முதலில் மீசை குடிக்கும், பிறகுதான் துரை.

நூர் முகம்மதுவுக்கு விலக்கு உண்டு, எலுமிச்சைச் சாறு. மார்க்கம் என்றால் துரைக்குப் புரியும். தினம் விஸ்கி குடிக்கிறவன் என் கிண்ணத்தில் குடிக்க மாட்டேன் என்றால் எந்தத் துரைக்குப் புரியும்?

"வயித்து வலின்னு சொல்லிடுங்கண்ணே."

"ஆஸ்பத்திரி டிரஸர்கிட்ட அனுப்புவான். அவன் வெளக்கெண்ணெய் குடுப்பான். அதையும் அண்ணாந்துதான் குடிக்கணும் தம்பி."

குணவதி நேராகவே கேட்டாள். "ஒரே ஒரு வாட்டி உதட்ட வச்சுட்டு வந்து வாயக் கழுவிக்குங்களேன். வீட்டுக்குள்ள பைப்பு வருது, கழுவத் தண்ணிக்கா பஞ்சம்?"

"வைக்கணும்னுதான் நானும் நெனக்கிறேன்" என்றார் அவர். "எதுல வாயக் கொண்டுபோனாலும் அந்தப் பதினொரு பேரும் உள்ளேர்ந்து எட்டிப் பாக்குறானுங்க." குணவதி குடத்தை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி, ஆபீஸ் மாடி. கிராணிகள் வரிசையாக நின்றார்கள். மலைப் பக்கத்து ஜன்னல்களில் வெயில் சாய்ந்திருந்தது. கிண்ணம் புறப்பட்டது. நான்கு வாய் தாண்டி ஐந்தாவதாகப் பிச்சைமுத்துவிடம் வந்தது. அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்கு அடுத்து நூர் முகம்மது நின்றார். கிண்ணம் முகத்துக்கு அருகே போனது, நின்றது, இறங்கியது.

பிச்சைமுத்து கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டை சுற்றிய கிளாஸை எடுத்தார். கிண்ணத்திலிருந்து அதில் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார். கிண்ணத்தைக் கீழே வைக்கக் கூடாதே.

"தம்பி, பிடி."

அதுவரை விஸ்கிப் பாத்திரத்தை விரலால்கூடத் தொடாத நூர் முகம்மதுவின் கையில் ஒரு கிண்ணம் விஸ்கி. கைக்குட்டையைக் குறுக்கே கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தவ்பா சொல்லி இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பிடித்தார். திருப்பிய முகம் தானாகத் திரும்பி வந்துவிட்டது.

ஏனென்றால் கை உயர்ந்திருந்தது. தண்ணீர் கலக்காத விஸ்கி, ஜன்னல் வெயில், கோணல் விளிம்பிலிருந்து ஒரு இழை. அதில் வெயில் ஏறி இறங்கியது. ஒரு சாண் நாலு விரல் நீளத்துக்கு வெளிச்சத்தையே ஒருவர் விழுங்குகிறார் என்று நூர் முகம்மதுவுக்குத் தோன்றியது. துறையில் ஒரு கப்பல் சங்கு ஊதி ஓய்ந்தது. இழை அறவில்லை. மாடியில் இருந்த அத்தனை பேருடைய தொண்டையும் அவருடைய தொண்டையோடு சேர்ந்து அசைந்தது. கடைசிச் சொட்டு விளிம்பில் வந்து நின்று, யோசித்து, விழுந்தது. வாய் மூடிற்று. மீசை உலர்ந்திருந்தது.

துரை நடந்து வந்தார். கிளாஸை வாங்கி விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினார். நூர் முகம்மதுவின் கையிலிருந்த கிண்ணத்திலிருந்து அதில் தாராளமாக ஊற்றிக்கொண்டார். தலையைச் சாய்த்துக் கையை உயர்த்தினார்.

முதல் தரம் மூக்கு. இரண்டாம் தரம் மீசை, கழுத்துப்பட்டி, வெள்ளைக் கோட்டின் மார்பு முழுக்க. எல்லாக் கிராணிகளும் சுவரில் இருந்த கப்பல் படத்தைக் கவனமாகப் பார்த்தார்கள். மூன்றாம் தரம் கொஞ்சம் உள்ளே போனது. துரை இருமினார். கண்ணில் நீர் வழிய மலாயில் ஒரே வார்த்தையில் மெச்சினார்: "பாகுஸ்." பிறகு கிளாஸை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பலகையில் கடிதம் ஒட்டியிருந்தது. பெரிய கிராணி, பிச்சைமுத்து. ஒட்டியவர் நூர் முகம்மதுதான். கடிதத்தில் போட்டிருந்த தேதி போன வியாழக்கிழமை. கிண்ணம் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே எல்லாம் எழுதியாகிவிட்டது. துரை நினைத்திருந்தால் கிழித்துப் போட்டிருக்கக்கூடிய கடிதம்தான் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிச்சைமுத்துவிடம் தேதியைப் பற்றி இன்றுவரை பேச்செடுக்கவில்லை.

தீராமல் நிற்பது ஒன்றே ஒன்று. துரையின் கோட்டு அன்றே வண்ணான் சின்னையாவிடம் போனது. ஒரு வெளுப்பில் வாடை போகவில்லை, மறுபடி வெளுத்தார். மறு வெளுப்புக்கு ஐந்து காசு. அவர் கோட்டை மடித்துக்கொண்டு வருவதற்குள் துரை ஏறிய கப்பல் போய்விட்டது. அது துரையின் சொந்தக் கோட்டு என்றது கம்பெனி. ஊற்றிக்கொண்டது அவர் கை என்றார் பிச்சைமுத்து. உங்க கிளாஸுதானே ஊத்துச்சு என்றார் சின்னையா. மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் ஒருவரும் கொடுக்கவில்லை. மாதம் தவறாமல் முதல் ஞாயிற்றுக்கிழமை சின்னையா கம்பெனி வீட்டுக்கு வந்து கேட்கிறார். குணவதி உள்ளே போய்ப் பைப்பைத் திறந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து தருகிறாள். அவர் அண்ணாந்து குடிக்கிறார். பாதி சட்டையில் போகிறது. அந்தத் தண்ணீர் வட்டியில் சேர்த்தி என்றும், ஐந்து காசு அப்படியே நிற்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்.