மாப்பிள்ளை முகம் பார்க்கத் துடைத்த கண்ணாடி

என் அக்கா கல்யாணத்துக்கு முன்னால் தன் புருஷனிடம் பார்த்தது அவருடைய கால் கட்டைவிரல்களை மட்டும்தான். பெண் பார்க்க வந்த அன்றைக்குக் குனிந்த தலை நிமிராமல் விழுந்து கும்பிட்டாள். கட்டைவிரல் தெரிந்தது, லட்சணமாகத்தான் இருந்தது. தாலி ஏறிய பிறகு நிமிர்ந்து பார்த்தால், அந்த விரல்களுக்கு ஐந்தரை அடி மேலே எந்நேரமும் வேப்பெண்ணெய் குடித்தது மாதிரி ஒரு மூஞ்சி. புகுந்த ஊரான அனந்தபுரத்திலிருந்து முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், "காலு நல்லாத்தாண்டி இருந்துச்சி" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. மூஞ்சியைப் பார்க்காமல் எவனுக்கும் கழுத்தை நீட்டுவதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

முடிவு பண்ணுவதில் ஒன்றும் கஷ்டமில்லை. செஞ்சி பஜாரில் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்த வீட்டுப் பெண் மாப்பிள்ளையை ஏறிட்டுப் பார்த்தால், அந்தச் செய்தி அன்றைய சாயங்காலத்துக்குள் வல்லத்துச் சந்தை வரைக்கும் போய்விடும். பார்க்கவும் வேண்டும், பார்த்ததாகத் தெரியவும் கூடாது. இதற்கு வழி என்னவென்று எனக்கு வெகுநாள் தெரியவில்லை.

அப்போது யுத்த காலம். எங்கள் நைனாவிடம் ஒரு பிளஷர் கார் இருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய்விட்டார். பெட்ரோலோ கூப்பனுக்குத்தான், பஸ்கள் கூடக் கரிப்புகையில்தான் ஓடின. அதனால் கார் மண்டிக் கொட்டகையில் மூட்டைகளுக்கு நடுவே முடங்கிக் கிடந்தது. மல்லாட்டைத் தோல் தூசு அதன் மேல் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. கோழிகள் கூரையில் ஏறித் தங்கள் காரியத்தை முடித்துக்கொண்டு போயின.

திண்டிவனத்திலிருந்து ஒரு வரன் வருகிறது என்றதும் நைனாவுக்கு கார் ஞாபகம் வந்தது. சேர்த்து வைத்திருந்த கூப்பன்களை எடுத்துப் பார்த்தார். போக வர இரண்டு நடைக்குப் பெட்ரோல் கிடையாது. "வரும்போது கரி பஸ்ல வரட்டும். போகும்போது நம்ம வண்டியில கொண்டுபோயி விட்டா மதிப்பா இருக்கும்" என்றார். ஓட்டுவதற்கு மண்டிக்கு வருகிற ஒரு லாரிக்காரரைப் பேசி வைத்தார். காரைக் கழுவுவதுதான் யார் என்று தெரியவில்லை. மண்டி ஆட்கள் மூட்டை தூக்குவார்களாம், கார் கழுவ மாட்டார்களாம். அம்மா என்னைப் பார்த்தாள். "குத்துவிளக்கு தேய்க்கிறவ, இந்தக் கண்ணாடியத் தேய்க்க மாட்டியா?"

என்னை மாப்பிள்ளைக்குக் காட்டுவதற்காக நானே கார் கழுவ வேண்டும் என்றதும் ரத்தம் கொதித்தது. வாயைத் திறக்கப் போனவள் சட்டென்று மூடிக்கொண்டேன். கார் எங்கள் வீட்டு வாசலில், என் அறை ஜன்னலை ஒட்டித்தான் நிற்கும். எங்கள் வீட்டில் வழியனுப்புவது என்றால் லேசில் முடியாது. எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு நைனா பேச்சை முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவ்வளவு நேரமும் மாப்பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருப்பான். இருட்டு அறைக்குள் நின்று, ஜன்னல் வழியாக, நான் ஆசை தீரப் பார்க்கலாம்.

ஒரே ஒரு இடைஞ்சல். வீட்டைப் பார்த்த பக்கத்துப் பின்கதவில் கண்ணாடியை இறக்கும் கைப்பிடி உடைந்து போயிருந்தது. கண்ணாடி மேலே ஏறியபடியே நின்றுவிட்டது. கேட்டால், "சண்ட முடிஞ்சாத்தான் சாமான் வரும்" என்பார் நைனா. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் இதே பதில்தான். ஆக, என் வருங்காலத்தை நான் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாக வேண்டும். அதன் மேல் தூசு போக, காரில் ஏறினால் தலையைச் சாய்த்துத் தூங்கும் என் மாமாவின் எண்ணெய்த் தலை வட்டமாக ஒரு முத்திரையும் குத்தியிருந்தது.

முதலில் தெருப்பக்கத்துக் கண்ணாடியில் கை வைத்தேன். விளக்குத் தேய்ப்பது போலப் புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் ஒரு பிடி பிடித்தேன். கழுவிப் பார்த்தால் கண்ணாடி முழுக்கப் பூனை பிறாண்டியது போலக் கீறல். நைனா அதைப் பார்த்துவிட்டு ஆடினார் பாருங்கள் ஒரு ஆட்டம்! "கண்ணாடின்னா இன்னான்னு நெனச்ச? பித்தள அண்டாவா? இது போச்சின்னா சண்ட முடியற வரைக்கும் கோணிய மாட்டிக்கினுதான் போவணும்!"

நல்ல வேளை, என் கண்ணாடியில் கை வைக்கவில்லை. அதற்கப்புறம் தேய்ப்பது என்ற பேச்சே கிடையாது. முதலில் ஒரு குடம் தண்ணீரை மேலிருந்து மெல்ல ஊற்றுவேன். தூசும் மண்ணும் தானாக ஓடிவிட வேண்டும். கல் மாதிரியான தூசை வைத்துக்கொண்டே துணியால் தேய்த்தால் அந்தத் தூசே கண்ணாடியைக் கீறும் என்று அந்தப் பூனைப் பிறாண்டல் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. கோழி எச்சத்தின் மேல் ஈரத் துணியை ஒட்டி வைத்து, ஊறிய பிறகு அலுங்காமல் எடுத்தேன்.

மாமாவின் எண்ணெய் வட்டத்துக்குச் சீயக்காய் கரைத்துப் போட்டேன். வட்டம் போனது. அதற்குப் பதிலாகக் கண்ணாடி முழுக்கப் பழுப்பாக ஒரு படலம் உட்கார்ந்துகொண்டது. அதைத் துடைக்க நைனாவின் பழைய வேட்டியை எடுத்தேன். எங்கள் வீட்டு வேட்டி எல்லாம் சலவைக்காரர் கையில் கஞ்சி குடித்து விறைத்து நிற்பவை. ஈரம் பட்டதும் அந்தக் கஞ்சி கரைந்து கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டது. போதாததற்கு அதையும் நடுப் பகல் வெயிலில் காரை நிறுத்திக்கொண்டு செய்தேன். ராஜகிரி மலைப் பாறை அனலைக் கக்கும் நேரம் அது. தண்ணீர் நான் துடைப்பதற்குள் காய்ந்து, சொட்டுச் சொட்டாகத் தடம் விட்டுப் போனது. அன்றைக்கு வாளியை எட்டி உதைத்தேன். வாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, என் கால்தான் வீங்கியது.

அடுத்த நாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், நிழலில் ஆரம்பித்தேன். ஒரு சொம்புத் தண்ணீரில் எலுமிச்சம்பழச் சாறு சில சொட்டு மட்டும் விட்டேன். துவைத்துத் துவைத்து மல் துணி மாதிரி மெத்தென்று ஆகிப் போன அம்மாவின் நூல் புடவையைக் கிழித்துக்கொண்டேன், கஞ்சி வாசனையே அறியாத புடவை. ஒரு துண்டால் ஈரமாகத் துடைத்து, இன்னொரு துண்டால் உடனே ஈரத்தை எடுத்து, கடைசியில் நைனா சண்டைச் செய்தி படித்து முடித்த பேப்பரைக் கசக்கி ஒரு தடவை. பஜாரில் மிட்டாய்க் கடைக்காரர் பலகாரப் பீரோ கண்ணாடியை இப்படித்தான் பேப்பரால் துடைப்பார், பார்த்திருக்கிறேன். ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் சேர்ந்து என் கண்ணாடியைப் பளபளப்பாக்கினார்கள்.

அப்படியும் ஒரு கோடு மட்டும் போகவில்லை. காலை முழுக்க வெளிப்பக்கம் நின்று துடைக்கிறேன், துடைக்கிறேன், அது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. கடைசியில்தான் புத்தி வந்தது. கோடு உள்பக்கம் இருந்தது. நான் வெளியே நின்றுகொண்டு மாரடித்திருக்கிறேன். அதற்கப்புறம் உள்பக்கத்தை மேலிருந்து கீழாகவும் வெளிப்பக்கத்தைப் பக்கவாட்டிலும் துடைத்தேன். மிச்சம் நிற்கிற கோடு எந்தப் பக்கத்தது என்று அது ஓடுகிற திசையே சொல்லிவிடும்.

அவர்கள் வருகிற நாளில் கண்ணாடி இருந்த நிலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு காக்காய் வந்து அதில் மோதிக்கொண்டு போனது. அம்மா கூட, "ஏன்டி, கண்ணாடிய எறக்கிட்டியா, கைப்பிடி உடஞ்சிதானே இருந்துச்சி?" என்று கேட்டாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

கரி பஸ்ஸில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, மாப்பிள்ளை. அப்பா என்றால் சாதாரண அப்பா இல்லை. பட்டுக்கரை அங்கவஸ்திரம், முறுக்கின மீசை, கக்கத்தில் வெற்றிலைப் பெட்டி. பேச்சுக்குப் பேச்சு நைனாவை, "நம்ம அந்தஸ்துக்கு..." என்று ஆரம்பித்து மட்டம் தட்டிக்கொண்டிருந்தார். நைனா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். அம்மா பின்னாலிருந்து இடுப்பைக் கிள்ளியதில் தலையைக் குனிந்தேன். விழுந்து கும்பிட்டேன். மாப்பிள்ளையின் கட்டைவிரல் தெரிந்தது. கட்டைவிரலாக இருந்தது, அவ்வளவுதான். உலகத்தில் எல்லோருக்கும்தான் இருக்கிறது.

அவர்கள் புறப்பட எழுந்ததும் ஓடிப் போய் என் அறை ஜன்னலில் நின்றேன். லாரிக்காரர் முன்னால் நின்று இரும்புக் கம்பியைச் சுழற்றிக் காரைக் கிளப்பினார். மாப்பிள்ளையின் அம்மா தெருப்பக்கம் ஏறினாள், நடுவில் மாப்பிள்ளை, வீட்டுப் பக்கம் பெரியவர். பெரியவர் வாய் நிறைய வெற்றிலை. அவருடைய உடம்பு பாதிக் காரை அடைத்துக்கொண்டது. அதற்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு காது தெரிந்தது. அரை மீசை தெரிந்தது. நைனா கையைக் கூப்பிக்கொண்டு, நான் நினைத்தபடியே, முதலிலிருந்து ஆரம்பித்தார். 'கொஞ்சம் சாயேன்யா, உனக்குப் புண்ணியமாப் போகும்' என்று பெரியவரை மனசுக்குள் கெஞ்சினேன்.

பெரியவர் சாயவில்லை. கன்னத்தை உப்பினார், கழுத்தை என் பக்கம் நீட்டினார், இல்லாத கண்ணாடி வழியாக வாசலைப் பார்த்துப் பொளிச்சென்று துப்பினார்.

கண்ணாடி இருந்தது. துப்பியதில் பாதி அதன் மேல் பரவியது, மீதி வந்த வழியே திரும்பியது. மீசை, பட்டுக்கரை, மார்பு எல்லாம் செக்கச் சிவந்து போனது. தன்னைத் தாக்கியது யார் என்று தெரியாமல் பெரியவர் திருதிருவென்று விழித்தார். எனக்கு ஒரு நிமிஷம் வயிறு எரிந்தது. அத்தனை நாள் பாடு! காதும் போச்சு, அரை மீசையும் போச்சு, கண்ணாடியில் சிவப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நிமிஷம் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தேன். மூக்கு வழியாக வந்தது.

நைனா கூப்பின கையைப் பிரிக்கவில்லை. அம்மா அறைக்குள் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். "பாவி, குடியக் கெடுத்தியேடி!"

அதற்குள் மாப்பிள்ளை தன் அம்மாவைத் தாண்டித் தெருப்பக்கம் இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் வந்தான். என் ஜன்னலுக்கும் காருக்கும் நடுவே, எனக்கு முதுகைக் காட்டி நின்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்து வெளிப்பக்கமாகக் கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்தான். புதுத் துண்டு, கஞ்சி போட்டு விறைத்த துண்டு. வறட்டு வறட்டென்று தேய்க்கிறான். கறை உள்ளே இருக்கிறது, இவன் வெளியே தேய்க்கிறான்! என்னால் தாங்க முடியவில்லை. அம்மாவின் கையைத் தட்டிவிட்டேன்.

"கற உள்பக்கம் இருக்குது! வெளிய இன்னாத்துக்குத் தேய்க்கிறீங்க? கண்ணாடி கீறிக்கப் போவுது!"

அவன் திரும்பினான்.

முழு முகம். நடுவில் கண்ணாடி இல்லை, கோடு இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு கன்னத்தில் கரி பஸ்ஸின் கரி அப்பியிருந்தது. அழகன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்பன் மேல் எச்சில் வழிந்துகொண்டிருக்கும் நேரத்தில் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற முகம் அது. என்னைப் போலவே அவனுக்கும் மூக்கு வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"அப்பிடிங்களா? உள்ள எப்பிடித் தொடைக்கணும்?" என்றான்.

"மொதல்ல தண்ணி ஊத்துங்க. இந்தக் கஞ்சித் துணி வேணாம்."

நைனாவே உள்ளே ஓடிச் சொம்பு கொண்டுவந்தார். காருக்குள்ளிருந்து பெரியவர், "ஏர்றா வண்டியில!" என்று கர்ஜித்தார். அவன் கதவைத் திறந்து தண்ணீரை ஊற்றிவிட்டுச் சுற்றிப் போய் ஏறினான். கார் போய்விட்டது.

அன்றைக்கு எங்கள் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. "சிரிச்சிது சரி, அதோட விட்டுச்சா? மாப்ளைய அதட்டுது!" என்று நைனா தூணோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. பயம் வந்துவிட்டது எனக்கு. பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் அதுவரைக்கும் ஆசை. பார்த்தாயிற்று. இனி இவன் கிடைக்காமல் போய்விட்டால் என்ன செய்வேன்? அன்றைக்கு அழுதேன், யாருக்கும் தெரியாமல், வெகுநேரம்.

சம்மதம் என்று தரகர் வந்து சொன்னபோது நைனா நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். பிள்ளை ஒரே பிடியாக நின்றதாம். பெரியவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கல்யாணத்துக்கு அந்தக் காரை அனுப்பக் கூடாது.

கல்யாணம் ஆகி வெகுகாலம் வரைக்கும் இவரை நான் விட்டு வைக்கவில்லை. சண்டை என்று வந்தால் கடைசி அஸ்திரம் அதுதான். "உள்ள இருக்கிற கறைய வெளிய நின்னு தேய்ச்ச ஆளுதானே நீங்க?" இவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வார். பேரன் பேத்தி எடுத்த பிறகு ஒரு நாள் வெளியூர்க்காரர்கள் முன்னால் அதையே எடுத்து விட்டேன். அன்றைக்கு மட்டும் இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நீ குனிஞ்ச தல நிமிரல. உன் வகிட்டத் தவிர நான் இன்னாத்தப் பாத்தேன்? நீ சிரிச்ச ஜன்னல் வெளிப்பக்கந்தானே இருந்துச்சி" என்றார்.