வாதுமை எசென்ஸ்

எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆம்பூரில் தோல் பதனிடும் மண்டியில், தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை எனக்கு. மகள் எஸ்தர் பரீட்சையில் தேறியதற்குப் பாயசம் வைத்தேன். அதில் விட வாதுமை எசென்ஸ் வாங்கினேன்.

"ரெண்டு சொட்டுக்கு ஜாஸ்தி ஊத்தாதேப்பா" என்றார் கடைக்காரர்.

இரண்டு சொட்டு விட்டேன். வாசனையே வரவில்லை. மட்டமான சரக்கு என்று நினைத்துப் பாதிப் புட்டியை ஊற்றினேன். ஒரு கரண்டி குடித்ததும் எஸ்தர் மயங்கி விழுந்தாள்.

தண்ணீர்க் குடத்தோடு வந்த மனைவி அலறினாள். "இன்னாய்யா ஊத்துனே? தெரு முனை வரைக்கும் மணக்குது! உன் மூக்குதான் மண்டி நாத்தத்துல எப்பவோ செத்துப்போச்சே!"

அந்த எசென்ஸ் விஷம் நீக்காத கசப்பு வாதுமையில் எடுத்தது என்றும், இன்னொரு கரண்டி குடித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றும் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்.

இப்போது எதையும் முகர்ந்து பார்த்து நான் முடிவு செய்வதில்லை, மனைவியைக் கேட்கிறேன். எஸ்தரும் நான் கொடுப்பதை அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் வாயில் வைக்கிறாள்.