உள்ளே இருந்து வந்த பதில்

இதை நம்புவதும் நம்பாததும் வாசிப்பவர் விருப்பம். ஆனால் இது நடந்தது. என் அக்காவின் கணவருக்கு நடந்தது. அவர் இதை ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பேய் என்றதும் நள்ளிரவையும் பாழடைந்த வீட்டையும் எதிர்பார்ப்போர் ஏமாறுவர். இது பிற்பகல் மூன்று மணிக்கு, எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்த ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தது.

விண்வெளிக்குச் செல்வோர் அணியும் உடைக்குள் காற்று முறையாக ஓடுகிறதா என்று பார்க்கும் பொறியாளர் அவர். பல்லாண்டுகளாக அதையே செய்ததால் பணியிடத்தில் 'காற்றுக்காரர்' என்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் மின்விசிறி நின்றால்கூட என் அக்கா, "காத்துக்காரரே, இது உங்க டிபார்ட்மெண்ட்" என்பாள்.

அன்று உடைக்குள் இருந்தவள் அடுத்த பயணத்துக்குத் தேர்வாகியிருந்த வீராங்கனை. உருவத்தில் சிறியவள் என்பதால் எல்லாருக்கும் அவள் 'சிட்டு'. காற்றுக்காரருக்கு உடன்பிறந்த தங்கை கிடையாது. அந்தக் குறையை அவள் தீர்த்து வைத்திருந்தாள். அவரை அண்ணே என்று அழைக்கும் உரிமையும், அவருடைய தொப்பையைக் கேலி செய்யும் உரிமையும் அவளுக்கு மட்டுமே இருந்தன.

சோதனை இதுதான். உடையணிந்தவரை ஓர் இரும்பு அறைக்குள் உட்காரவைத்து, அறையின் காற்றையெல்லாம் உறிஞ்சி வெளியேற்றுவார்கள். உடைக்குள் மட்டும் ஆக்சிஜன் இருக்கும். உள்ளே இருப்பவருடன் ஒருவர் மட்டுமே பேச வேண்டும். அவர் காதில் மட்டுமே கேட்பொறி இருக்கும்; அன்று அது காற்றுக்காரர். குறித்த இடைவெளியில் அவர் நலம் விசாரிக்க, உள்ளே இருப்பவர் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் மனிதனுக்கு முதலில் குழறுவது நாக்கு. குழறுகிறது என்பது அவனுக்கே தெரியாது. கேட்பவருக்குத்தான் தெரியும்.

சோதனை தொடங்கிய சிறிது நேரத்தில் சிட்டுவின் நாடித்துடிப்பைக் காட்டும் கம்பி கழன்றுவிட்டது. திரையில் ஒரு நேர்கோடு. அருகில் அமர்ந்திருந்த மருத்துவர், சோதனையை நிறுத்திவிடலாம் என்றார். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன சோதனை அது. காற்றுக்காரர் தயங்கவில்லை.

"குரல் இருக்கே டாக்டர். கம்பி எதுக்கு?"

பேசிக்கொண்டே இருந்தால் சரி என்று மருத்துவர் அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

சிட்டு பேசினாள். காலையில் சாப்பிட்டது போதவில்லை, பசிக்கிறது என்றாள். உங்கள் சாப்பாட்டில் பாதியைக் குழாய் வழியாக அனுப்புங்கள் என்றாள். ஆனால் அவள் பேசும்போதெல்லாம் கேட்பொறியில் கீச்சென்று ஓர் ஒலி செவியைத் துளைத்தது. அவருக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. அப்போதுதான் அந்தப் பிழையைச் செய்தார்.

"காது கிழியுதும்மா. பேச வேணாம். சுவிட்சை ரெண்டு தட்டு தட்டு, போதும்."

மார்பில் உள்ள பேச்சு சுவிட்சை இருமுறை அழுத்தினால் 'நலம்' என்று பொருள். விதிக்கு மாறானது, ஆயினும் பழகியவர்களுக்கிடையே வழக்கத்தில் இருந்தது. அந்த நேரம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த மருத்துவருக்கு இந்தச் சலுகை தெரியாது. காற்றுக்காரர் ஒவ்வொரு முறையும் "நல்லது" என்று சொல்வதைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சிட்டு, எப்படி இருக்க?"

டக்… டக்…

"நல்லது."

இப்படியே நான்கைந்து முறை. பிறகு ஒரு சிறு மாற்றம். அவர் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்தது. அவசரக்காரி என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டார்.

அடுத்த முறை, அவர் "சிட்டு" என்றதுமே வந்தது.

டக்… டக்…

அதற்கடுத்த முறை, அவர் வாயையே திறக்கவில்லை.

டக்… டக்…

ஏதோ உறுத்தியது. ஆயினும் "நல்லது" என்றார். மருத்துவர் தலையசைத்தார்.

வட்டக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்துக்கொண்டிருந்த பம்பு இயக்குநர், வயதானவர், எப்போதும் எதையாவது முணுமுணுப்பவர், மெதுவாகத் திரும்பினார்.

"ஏம்பா காத்து… பொண்ணு தூங்குறாளா?"

"இப்பதான் பதில் குடுத்தா."

"எப்படிக் குடுத்தா?"

"சுவிட்சைத் தட்டினா."

பம்பு இயக்குநர் மறுபடி கண்ணாடியில் முகத்தை வைத்தார்.

"ரெண்டு கையும் மடியில கிடக்குப்பா. மல்லாந்து கிடக்கு."

சுவிட்ச் மார்பில் இருந்தது.

டக்… டக்…

காற்றுக்காரர் எழுந்து ஓடினார். கண்ணாடியில் நெற்றி மோதியது. உள்ளே சிட்டு சாய்ந்திருந்தாள். கைகள் அசையவில்லை.

டக்… டக்…

தலைக்கவசத்துக்குள் உதடுகள் நீலம்.

டக்… டக்…

காற்றைத் திற என்று கத்தினார்.

டக்… டக்… டக்… டக்… டக்…

கேட்பொறியைப் பிய்த்து எறிந்தார்.

அப்போதும்… கேட்டது.

சிட்டு பிழைத்துக்கொண்டாள். ஆக்சிஜன் குழாயில் ஒரு வால்வு பாதியில் சிக்கியிருந்ததாகக் கண்டுபிடித்தார்கள். இன்னும் சிறிது தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார் மருத்துவர்.

மறுநாள் விசாரணை. உடன் பணிபுரிவோர் அனைவரும் அறையில் இருந்தனர். பதில் வந்துகொண்டே இருந்தது என்று காற்றுக்காரர் அடித்துச் சொன்னார். ஒலிப்பதிவை ஓடவிட்டார்கள்.

முதல் சில தட்டுகள் இருந்தன. அதன் பிறகு எதுவுமே இல்லை. அவருடைய குரல் மட்டும். "சிட்டு, எப்படி இருக்க?" என்கிறது. அமைதி. "நல்லது" என்கிறது. மீண்டும் கேட்கிறது. அமைதி. "நல்லது." மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் மௌனத்தைப் பார்த்து, உற்சாகமாக, திரும்பத் திரும்ப, "நல்லது."

யாரும் அவரைத் திட்டவில்லை. மருத்துவர் மட்டும் தணிந்த குரலில், "உங்க வாயை நம்பித்தான் உக்காந்திருந்தேன்" என்றார். அந்த நாற்காலி அப்படியே தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவருக்கு.

மாலையில் மருத்துவமனைக்குச் சென்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். சிட்டுதான் முதலில் பேசினாள். தாதி வெளியேறும்வரை காத்திருந்து பேசினாள்.

"அண்ணே, மூச்சு முட்டுதுன்னு நான் சொன்னேன்ல. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் எதுவும் சொல்லவில்லை என்றார். அவள் பேசியதே பதிவில் இல்லை என்றார்.

"பேசாம தூங்கும்மா, நான் பாத்துக்கறேன்னீங்க. மூணு தடவை. உங்க குரல்தான். அதான் தூங்கினேன்."

அறையில் நல்ல வெளிச்சம். வெளியே தள்ளுவண்டிச் சக்கரங்கள் உருளும் ஓசை. அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அது அவர் குரல் இல்லை என்பது அவளுக்கும் புரிந்துவிட்டது. முகம் வெளிறியது. இல்லாத குரலைக் கேட்டதாக விசாரணைக் குழுவிடம் சொன்னால், மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பயணம் போய்விடும். ஒன்பது வருட உழைப்பு. சொல்ல வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அவர் குழுவின் முன் போய், முதல் சில தட்டுகளுக்குப் பிறகு தான் எதையும் கேட்கவில்லை, பழக்கத்தில் "நல்லது" என்று சொல்லிவிட்டு, பயத்தில் பொய் சொன்னதாக வாக்குமூலம் கொடுத்தார். தட்டு கேட்டதாகவே அவர் சாதித்தால், அவளுக்கு என்ன கேட்டது என்றும் துருவுவார்கள். ஒருவர் பொய்யரென்றால் கோப்பை மூடிவிடலாம். மூடினார்கள். கேட்பொறியை அவரிடமிருந்து பறித்து, உடை மாட்டிவிடும் பிரிவுக்கு மாற்றினார்கள். உணவகத்தில் அவர் உட்கார்ந்த மேசையில் பேச்சு நின்றுபோயிற்று. தியாகம் செய்ததாக நினைத்து அவர் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். சிட்டு எல்லா மருத்துவச் சோதனைகளிலும் தேறினாள்.

புறப்படும் நாள் வந்தது. அவளுக்குக் கையுறை மாட்டிவிடும் வேலை அவருக்கே வாய்த்தது. சுற்றிலும் ஆட்கள், படக்கருவிகள். இடக்கையை மாட்டி வளையத்தைத் திருகினார். வலக்கையை எடுத்தார். ஏதாவது சொல்ல நினைத்தார், படக்கருவிகளைப் பார்த்து விட்டுவிட்டார். உதட்டை இறுக மூடிக்கொண்டு வளையத்தைப் பொருத்தினார்.

சிட்டு அவர் முகத்தை அன்போடு பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"சரிண்ணே. நீங்க சொன்னா சரிதான்."

அவர் வாயையே திறந்திருக்கவில்லை.

சற்றுத் தள்ளி மருத்துவர் நின்றிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிட்டு, அவளுக்கு இன்னும் அந்தக் குரல் கேட்கிறது என்று சொல்லியிருக்கலாம். அப்படிக் கூப்பிட்டால், தான் சொன்ன பொய்யும் அவளுக்காக மறைத்த உண்மையும் அத்தனை பேர் நடுவில் வெளிவரும். மீண்டும் ஒரு முறை அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்.

அவர் வளையத்தைத் திருகினார். பூட்டிக்கொண்டது.

"எல்லாம் முடிஞ்சுதா?" என்று மருத்துவர் அங்கிருந்தே கேட்டார்.

"முடிஞ்சுது டாக்டர்" என்றார்.