மாலை போட்ட மோட்டார்

எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போடுவார்கள். சாலை உயர உயர வீடு பள்ளமாகிவிட்டது. குளியலறைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் தெருச் சாக்கடைக்கு ஏற மறுத்ததால் முற்றத்தில் தொட்டி கட்டி அதில் விட்டோம். அது நிறைந்தால் நான் போய் மோட்டார் போட வேண்டும். கையில் புத்தகம் இருந்தால் மறந்துவிடுவேன். தொட்டி மறக்காது, வழியும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். அவர் தொட்டியில் மிதவை சுவிட்ச். தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏறி மோட்டார் ஓடும். வற்றினால் தானாக நிற்கும். "அண்ணன் வீட்டு மோட்டார் சொல்லாமலே செய்யுது" என்பாள் என் மனைவி. ஒரு மோட்டாரைப் பார்த்து வயிறெரிந்த கணவன் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவருடையது அரைக் குதிரைத்திறன். நான் ஒரு குதிரைத்திறனில் புதிதாக வாங்கினேன், மிதவையோடு. கிறிஸ்தவரான அவர் புது மோட்டாருக்கு ஒரு சின்ன ஜெபத்தோடு முடித்துக்கொண்டவர். நான் விடுவேனா? சந்தனம், குங்குமம், ஜங்ஷனில் வாங்கிய கதம்ப மாலை. மாலையைக் கழற்ற மனம் வராமல் அப்படியே தொட்டிக்குள் இறக்கினேன். சோதனைக்கு அவரையும் அழைத்தேன். பார்க்கட்டும் என்றுதான்.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டோம். தொட்டி நிறைந்தது. மோட்டார் மூச்சுவிடவில்லை. தண்ணீர் விளிம்பைத் தாண்டி அடுக்களைப் பக்கம் நடந்தது.

"என்னங்க, வாசப்படிக்கு வந்துட்டு!" என்றாள் மனைவி.

"பெரிய மோட்டார்லா? பையத்தான் ஓடும்."

பக்கத்து வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். "குழாயை மூடும். பிளக்கைப் பிடுங்கும்வே மொதல்ல."

கயிற்றைப் பிடித்து மோட்டாரைத் தூக்கினார். மாலை நார் மிதவையின் வயரை மோட்டாரோடு சேர்த்துச் சுற்றியிருந்தது.

"மிதவைக்கும் சேத்துல்லா மாலை போட்டிருக்கீரு! அது எப்படிவே எந்திக்கும்?"

நாரை அறுத்து, மறுபடி இறக்கி, பிளக்கைச் செருகினோம். ஓடியது. மடமடவென்று இறைத்துவிட்டுத் தானாக நின்றது.

"அண்ணன் கை பட்டதும் ஓடுது, பாத்தீங்களா?" காபி முதலில் அவருக்குத்தான் வந்தது, நுரையோடு.

இப்போது மழை பெய்தால் இரண்டு மோட்டாரும் ஓடுகின்றன. என்னுடையது சீக்கிரம் இறைத்து முடித்து நின்றுவிடும். புத்தகத்தை மூடி வைத்து, ஒரு வார்த்தை வராதா என்று காத்திருப்பேன். அடுக்களையிலிருந்து குரல் வரும்:

"அண்ணன் வீட்டு மோட்டார் இன்னும் ஓடுது, கேட்டீங்களா? பாவம், என்னமா உழைக்குது!"