மைக்குக்கு மாட்டிய ஹெல்மெட்

ஊரில் எல்லாரும் புயலுக்குப் பயப்படுவார்கள். வெளியிடத்தில் ஒலிப்பதிவு செய்கிறவன் இலை அசைந்தாலே பயப்படுவான். நீங்களும் திறந்த வெளியில் மைக்கைப் பிடித்து நின்றவராக இருந்தால் மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், மலாய் நாட்டில் ஈயச் சுரங்க வேலை போன பிறகு, புந்தோங் ஊரில் காதர் பாயின் கேசட் கடையில் சேர்ந்தேன். கல்யாணம், கருமாதி, திருவிழா எதுவானாலும் போய்ப் பதிவு செய்து கேசட்டாகக் கொடுக்க வேண்டும். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள். இந்த வேலையும் போனால் அடுத்த வேளைக்கு வழியில்லை.

தகரம் பறந்த கல்யாணம்

முதல் வேலை சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு முழுவதும் மேளக்காரர் பக்கத்திலேயே நடந்தேன். நல்ல காற்று. எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. மைக்குக்கு அது ஆகாது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

கடையில் பெண்ணின் அப்பா முன்னால் கேசட்டைப் போட்டால், நாதஸ்வரம் எங்கோ தொலைவில் முனகியது. மற்றதெல்லாம் கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு பறக்கிற சத்தம். மனிதர் பணம் கொடுக்காமல் எழுந்து போய்விட்டார். பாய் கேசட்டை எடுத்து என் கையில் வைத்துச் சொன்னார்: “இன்னொரு கேசட்டுல காத்து வந்துச்சுன்னா, நீயும் அதோட போயிடு.”

குருக்கள் வாய்க்கு நேராக

அன்றிலிருந்து தூக்கம் கெட்டது. மைக்குக்குக் கைக்குட்டை கட்டினேன், போதவில்லை. கடையில் கூட வேலை செய்த மணியம்தான், தடித்த கம்பளிக் காலுறையை மாட்டினால் காற்று நுழையாது என்றான். மாட்டிப் பார்த்தேன். சத்தம் பாதியாய்க் குறைந்தது.

அந்தச் சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை. அடுத்த கல்யாணத்தில், ஓமகுண்டத்துக்குப் பக்கத்தில் குந்தி, காலுறை போட்ட மைக்கைக் குருக்களின் வாய்க்கு நேராக நீட்டினேன். மந்திரம் நின்றது. பந்தலே என்னைப் பார்த்தது. துவைத்த காலுறைதான் சாமி என்றேன், அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. குருக்கள் நிதானமாகவே சொன்னார்: “கால்ல போடுறத என் வாய்ல வைக்கிற. மிச்ச மந்திரத்தையும் நீயே சொல்லிடு தம்பி.”

எது தலை?

ஹெல்மெட் யோசனை என்னுடையது. ஒரு தேர் ஊர்வலத்தில், மேளக்காரர் ஏறிய லோரிக்குப் பக்கத்தில் மணியம் மோட்டார் சைக்கிளை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஓடுகிற வண்டியில் காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? என் ஹெல்மெட்டைக் கழற்றி மைக்கை அதற்குள் விட்டு, லோரிப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

மணியம் பள்ளம் மேடு பார்த்து ஓட்டுகிறவன் அல்ல. விழுந்தால் மைக் பிழைக்கும், மண்டை போகும் என்று ஒவ்வொரு வளைவிலும் நடுங்கினேன். சந்தியில் மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். வெறுந்தலையோடு நானும், ஹெல்மெட்டோடு மைக்கும். இரண்டில் எது என் தலை என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம்: “யாங் மானா கெப்பாலா?”

லெட்சுமி அக்காவின் அருள்வாக்கு

அந்தக் கேசட் சுத்தமாக வந்தது. பாயே தலையாட்டினார். அதே தைரியத்தில், பதிவுக்குக் கூப்பிட்ட லெட்சுமி அக்கா குடியிருந்த தோட்டத்துக்குப் போனேன். அவர் மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாய் ஒரு கடிதமும் இல்லை. மேட்டிலிருந்த முனீஸ்வரர் கோயிலில் சாமியாடியிடம் வாக்குக் கேட்கப் போகிறார். அதைப் பதிவு செய்ய வேண்டும். ஹெல்மெட்டை நீட்டிப் பிடித்தபடி, பதிவுக் கருவியில் சத்த அளவு காட்டும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்ததில் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

மறுநாள் கடையில் தனியாகக் கேட்டேன். துளிக் காற்று இல்லை. உறுமி நிற்கிறது. சாமியாடி மெல்லிய குரலில் கேட்கிறார்: “இவ புள்ள பேரு என்னடா?” உறுமிக்காரர் சொல்கிறார்: “குமாரு. சிங்கப்பூர்ல.” அப்புறம் சாமியாடி பெரிய குரலில்: “குமாரு கடல் தாண்டி இருக்கான். வருவான்!”

இதை அந்தத் தாயிடம் எப்படிக் கொடுப்பது? வெறுமனே அழித்தால் அந்த இடம் ஊமையாகிக் காட்டிக்கொடுக்கும்; காற்றால் மூடினால் என் வேலை போகும். ஆனாலும் மேசை மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு மைக்கை முன்னால் வைத்தேன். அந்தக் கிசுகிசுப்பின் மேல் காற்றைப் பதிவு செய்தேன். விரல் கொஞ்சம் தாமதித்திருந்தால் ‘வருவான்’ என்பதும் போயிருக்கும்.

சாயங்காலம் அக்கா வந்தார். பாயும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். காற்று வந்த இடத்தில் பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். தீர்ந்தது என்று நினைத்தேன்.

“நல்லா வந்திருக்கு பாய், தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க” என்றார் அக்கா. பாய் முன்பக்கம் போனதும் கேசட்டை முந்தானையில் முடிந்துகொண்டு என் பக்கம் குனிந்தார். “நான் சாமி பக்கத்துலதான்லா நின்னேன். பேரு கேட்டது என் காதுல விழுந்துச்சு தம்பி. வீட்டுக்காரரு கேக்கணும்னுதான் கேசட்டு. அவருக்கு வருவான்னு மட்டும் கேட்டாப் போதும்.”

காற்றை விரட்டி நான் கொடுத்த கேசட்டுகளில் எல்லாம் ஏதாவது குறை கண்டவர்கள் உண்டு. நானே காற்றடித்துக் கெடுத்த ஒன்றைத்தான் ஒருவர் முந்தானையில் முடிந்து கொண்டு போனார்.